படுக்கையருகே ஒரு மேடை

பிற்பகல் உணவு முடிந்து வார்டு சற்றே அமைதியடையும் வேளை. சீருடை அணிந்த மாணவி ஒருவர் கையில் வண்ண அட்டையுடன் உங்கள் படுக்கைக்கு எதிரே வந்து நிற்கிறார். பின்னால் நான்கைந்து தோழியர்; சற்றுத் தள்ளி, மதிப்பெண் தாளுடன் அவருடைய ஆசிரியை. “அனைவருக்கும் வணக்கம். நீரிழிவு நோயாளிகள் பாதங்களைப் பேணும் முறை பற்றி இன்று…” என்று தொடங்கும்போதே குரல் தடுமாறுகிறது. அட்டையைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. மனப்பாடம் செய்த வரிகளை இடைவெளியின்றி ஒப்பித்து முடித்து, நன்றி கூறி, விரைந்து நகர்ந்துவிடுகிறார்.

மருத்துவமனையில் சில நாள்கள் தங்கியவர்களும் அவர்களுக்குத் துணையிருந்தவர்களும் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். ‘பாவம், சின்னப் பெண்’ என்று இரங்கியிருப்பீர்கள். அல்லது ஓய்வு கெட்டதே என்று சலித்திருப்பீர்கள். இரண்டும் இயல்பே. எனினும், பலர்முன் பேச அஞ்சும் அந்த மாணவியின் தயக்கம் அவருடைய மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் அவர் பொறுப்பேற்கப் போகும் நோயாளிகளின் பாதுகாப்பும் அந்தக் குரலைச் சார்ந்தே இருக்கிறது. அந்தக் குரல் உறுதி பெறுவதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அச்சத்தின்போது உடலில் நிகழ்வது

பலர்முன் பேசுவதற்கான அச்சம் கோழைத்தனமோ, பாடம் தெரியாமையின் அடையாளமோ அன்று. தம்மைப் பிறர் மதிப்பிடுகிறார்கள் என்று உணரும்போது மனித உடல் அதனை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைந்து துடிக்கிறது; வாய் உலர்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; மூச்சு மேலோட்டமாகிறது. மூச்சு குறையும்போது குரலைத் தாங்கும் காற்றும் குறைவதால் பேச்சு நடுங்குகிறது. நன்கு படித்த செய்தியும் அந்த நொடியில் நினைவுக்கு வர மறுக்கிறது.

மனஅழுத்தத்தை ஆராயும் அறிவியலாளர்கள் இதனை ஒரு கருவியாகவே பயன்படுத்துகின்றனர். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1993-இல் வெளியான ஒரு சோதனைமுறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. பங்கேற்பவருக்குச் சிறிது நேரம் ஆயத்தம் செய்யத் தருவார்கள். பின்பு ஒரு குழுவினர் முன் நின்று பேசவேண்டும். அதன்பின் 1,022 என்ற எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். குழுவினர் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. புன்னகையின்றி, தலையசைக்காமல், உணர்ச்சியற்ற முகத்துடன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவே. பெரும்பாலோரின் உடலில் கார்டிசால் என்னும் அழுத்த இயக்குநீர் கணிசமாக உயர அதுவே போதுமானதாக இருக்கிறது.

இதன் மறுபக்கமும் ஆராயப்பட்டது. 2013-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் சோதனையின் கடுமை நீக்கப்பட்டு, கேட்பவர்கள் நட்புடன் நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டது. அப்போதும் பங்கேற்றவர்கள் அந்நியர்முன் நின்று பேசத்தான் செய்தார்கள். ஆயினும் கார்டிசால் அவ்வாறு உயரவில்லை. பேசுபவரின் அச்சத்தில் ஒரு பாதி கேட்பவரின் முகத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாணவர்களுக்கு ஏன் இது கூடுதல் சுமை

செவிலியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள், ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். பள்ளிப் படிப்பை முடித்த உடனே வருபவர்களே மிகுதி. ஆண்களும் இப்படிப்பில் சேர்கின்றனர்; எனினும் பெண்களே பெரும்பான்மையினர். ஊசி போடுதல், காயத்துக்குக் கட்டுக்கட்டுதல் ஆகியவற்றைப் போலவே நோயாளிகளுக்கு நலக்கல்வி அளிப்பதும் அவர்களுடைய பயிற்சியின் ஒரு பகுதி. நீங்கள் வார்டில் கேட்கும் அந்தச் சிறு உரை, அவர்கள் எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, அட்டை வரைந்து ஆயத்தம் செய்த ஒரு பாடம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மொழியும் ஒரு தடையாகிறது. சிற்றூர்களில் தமிழ்வழியில் படித்து வருபவர்கள் பலர். கல்லூரியிலோ பாடநூல்களும் தேர்வுகளும் ஆங்கிலத்தில். வகுப்பில் நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தும்போது, சொல்லவேண்டிய செய்தியைவிடச் சொற்களின் பிழையே அவர்களை அச்சுறுத்துகிறது. வார்டுக்கு வந்ததும் அதே செய்தியை நோயாளிக்கு விளங்கும் தமிழில் கூறவேண்டும். ‘இன்ஃபெக்ஷன்’ என்று படித்ததைக் ‘கிருமித் தொற்று’ என்பதா, ‘சீழ் பிடித்தல்’ என்பதா என்று மனம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, வாய் பேசவேண்டியிருக்கிறது.

கேட்பவர்களும் வகுப்புத் தோழர்களைப் போன்றவர்கள் அல்லர். ஒருவர் வலியில் முனகிக்கொண்டிருப்பார்; ஒருவர் உறங்குவார்; துணைக்கு வந்தவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். தம் தாத்தாவின் வயதுடைய ஒருவரிடம் “புகைபிடிப்பதை நிறுத்துங்கள், ஐயா” என்று பதினெட்டு வயதில் கூறுவது எளிதான செயலன்று. பெரியவர்முன் குரலை உயர்த்தாதே என்று வளர்க்கப்பட்டவர்களை, இங்கே பெரியவர்களுக்கே அறிவுரை கூறச் சொல்கிறோம்.

நள்ளிரவில் தேவைப்படும் குரல்

இந்தத் தயக்கம் மாணவப் பருவத்தோடு தானாகவே மறைந்துவிடும் என்றால் கவலையில்லை. ஆனால் செவிலியர் பணியில் பேச்சு ஓர் அணிகலன் அன்று. அது சிகிச்சையின் ஒரு கூறு. ஒவ்வொரு பணிநேர மாற்றத்தின்போதும் ஒரு செவிலியர் அடுத்தவரிடம் தம் நோயாளிகளை ஒப்படைக்கிறார். யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, யாருடைய சிறுநீர் அளவு குறைந்திருக்கிறது, யாருக்கு விடியற்காலையில் உணவு தரக்கூடாது என்பவை அனைத்தும் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் கைமாறுகின்றன. அந்த நேரத்தில் விடுபடும் ஒரு சொல் நோயாளிக்குத் தீங்காக முடியலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புக்கான ஒன்பது தீர்வுகளுள், ஒப்படைப்பின்போது நிகழும் தகவல் பரிமாற்றமும் ஒன்றாக இடம்பெற்றது இதனால்தான்.

2005-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை மருத்துவ உலகம் இன்றும் பாடமாகப் படிக்கிறது. மார்ட்டின் ப்ரோமிலி என்ற விமானியின் மனைவி, வழக்கமான ஒரு சைனஸ் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் வாய்வழியே குழாய் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றனர், நேரம் கடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த செவிலியர் ஒருவர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவிகளைக் கொண்டுவந்து, அவை ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். ஆனால் ‘இப்போது இதைச் செய்தாக வேண்டும்’ என்று உறுதியாகக் கூற அவர்களுக்கு வழி தெரியவில்லை. அந்த அம்மையார் சில நாள்களில் உயிரிழந்தார்.

என்ன செய்யவேண்டும் என்பது செவிலியர் சிலருக்குத் தெரிந்திருந்தும், அதனை எப்படிச் சொல்வது என்பது தெரியாதிருந்தது என்று பின்னர் வெளிவந்தது. அவர்களிடம் அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. மூத்தவர்கள்முன் எடுத்துரைக்கும் குரல் மட்டும் எழவில்லை. ப்ரோமிலி எவர்மீதும் பழி சுமத்துவதில் இறங்காமல், விமானத்துறையில் துணை விமானிகளுக்குப் பேசப் பயிற்சி தருவதைப் போல மருத்துவத்துறையிலும் தரவேண்டும் என்று வாதாடினார். 2007-இல் அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

உங்கள் வார்டில் நீரிழிவு பற்றிப் பேச அஞ்சும் மாணவி நாளை இரவுப் பணியில் தனியாக நிற்பார். உறங்கிக்கொண்டிருக்கும் மூத்த மருத்துவரை எழுப்பி, “இவருடைய நிலை எனக்குச் சரியாகப் படவில்லை, உடனே வாருங்கள்” என்று கூறவேண்டியவர் அவர்தான். அந்தக் குரலுக்கான ஒத்திகை இன்று உங்கள் படுக்கையருகே நடைபெறுகிறது.

பேச்சுக்கு ஒரு சட்டகம்

அச்சத்தை நீக்கியபின் பேசுவது என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அச்சம் இருக்கும்போதே பேசுவதற்கு ஒரு சட்டகம் தேவை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிவந்த ஒரு முறையை, கைசர் பெர்மனென்டே என்ற அந்நாட்டு மருத்துவ அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் மருத்துவமனைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தது. ‘எஸ்பார்’ எனப்படும் அம்முறையில் நான்கு படிகள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை.

ஒரு செவிலியர் தொலைபேசியில் இவ்வாறு கூறுவார்: “டாக்டர், பெண்கள் வார்டிலிருந்து பேசுகிறேன். 12-ஆம் படுக்கை அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது. நேற்று அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இரவு 96 ஆக இருந்த ஆக்சிஜன் அளவு இப்போது 88. நுரையீரலில் ஏதோ சிக்கல் என்று ஐயுறுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்கவேண்டும்.” அரை நிமிடத்தில் அனைத்தும் அடங்கிவிட்டது. நாக்கு உலர்ந்தாலும் அடுத்து என்ன கூறவேண்டும் என்பது தெரிந்திருப்பதால் பேச்சு அறுந்துபோவதில்லை. இறுதிப் படியான பரிந்துரை, இளையவர் மூத்தவரிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று கூறுவதற்கு முறையான இடத்தையே ஏற்படுத்தித் தருகிறது.

மேடையச்சத்தைக் குறைக்க மாணவர்கள் பழகக்கூடிய எளிய வழிகளும் உண்டு. முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாம் மறந்துவிடும். முதல் இரண்டு வரிகளை மட்டும் நன்கு பழகி, மற்றவற்றைக் குறிப்புகளாக வைத்துக்கொள்வது மேலானது. தொடங்குமுன் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிட்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். முதலில் ஒரு தோழிமுன், பின்பு ஐவர்முன், அதன்பின் வார்டில் என்று படிப்படியாகப் பழகுவதே நிலைத்த பயன் தரும். பேசும் வாய்ப்புகளைத் தட்டிக்கழித்துக்கொண்டே போனால் அச்சம் வளருமேயன்றிக் குறையாது.

மற்றொன்றையும் அவர்கள் அறிந்திருப்பது நலம். தம் உள்ளே எழும் பதற்றம் முழுவதும் பிறருக்குத் தெரிந்துவிடுகிறது என்று பேசுபவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் கேட்பவர்களுக்கு அதில் ஒரு பகுதியே புலப்படுகிறது. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய உளவியல் அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வுண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகப் பேசினார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

நோயுற்றிருக்கும் நீங்கள் பிறருக்குப் பயிற்சி அளிக்கும் கடமைக்கு உட்பட்டவர் அல்லர். உடல்நிலை இடம் தராதபோது, “இன்று இயலவில்லை அம்மா, நாளை வாருங்கள்” என்று கூறும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. இயலும்போது மட்டும், பின்வருவனவற்றை நினைவிற்கொள்ளுங்கள்.

முதலாவது, பேசுபவரின் முகத்தைப் பாருங்கள், புரிந்தால் தலையசையுங்கள். ஜெர்மானிய ஆய்வில் வேறுபாட்டை உண்டாக்கியது இத்தகைய எளிய நட்பு முகமே. துணைக்கு இருப்பவர்கள் அந்த ஐந்து நிமிடங்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாலே பேருதவி.

இரண்டாவது, அனுமதியின்றி அவர்களைக் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். தடுமாறும் தருணம் பதிவாகிறது என்ற எண்ணமே பேச்சை முடக்கிவிடும். மற்ற நோயாளிகளின் தனிமையும் அதனால் பாதிக்கப்படும்.

மூன்றாவது, வேகமாகப் பேசினால், “சற்று மெதுவாகச் சொல்லுங்கள், சிஸ்டர்” என்று கேளுங்கள். அது அவரைக் குறைகூறுவதாகாது. மூச்சு வாங்கிக்கொள்ள அவருக்கு ஓர் இடைவெளி கிடைக்கும். உங்களுக்கும் செய்தி விளங்கும்.

நான்காவது, இதுவே முதன்மையானது: கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். “நாள்தோறும் இரவில் பாதத்தைப் பார்க்கவேண்டும், விரலிடுக்கில் ஈரம் இருக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது, சுடுநீர்ப் பை வைக்கக்கூடாது. சரிதானே?” என்று கேளுங்கள். மருத்துவமனையில் கூறப்படும் செய்திகளுள் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாகவே மறந்துவிடுகிறது என்றும், நினைவில் நிற்பவற்றிலும் ஏறக்குறைய பாதி தவறாகவே பதிகிறது என்றும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு எடுத்துரைத்தது. திருப்பிச் சொல்லும்போது தவறு அங்கேயே திருத்தப்படும். ஒப்பித்தல் உரையாடலாக மாறுவதும் அப்போதுதான். உரையாடலில் அச்சத்துக்கு இடம் குறைவு.

ஐந்தாவது, மாணவர் கூறியது உங்கள் மருத்துவரின் அறிவுரையிலிருந்து வேறுபட்டால் தயங்காமல் கேளுங்கள். வார்டின் பொறுப்புச் செவிலியரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாணவருக்கு இதில் மனவருத்தம் ஏற்படவேண்டியதில்லை. ஐயத்தை வாய்விட்டுக் கேட்பது பாதுகாப்பின் முதற்படி என்பதை அவர் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்வார்.

உங்கள் தொண்டையிலும் சிக்கும் சொற்கள்

இவ்வச்சம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. காலையில் மருத்துவர் தம் குழுவினருடன் படுக்கையருகே வந்து நிற்கும்போது, இரவெல்லாம் எண்ணி வைத்திருந்த கேள்வி உங்களுக்கும் மறந்துபோவதுண்டு. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், வலி இருந்தும் “நன்றாக இருக்கிறேன், டாக்டர்” என்று வாய் கூறிவிடுகிறது. அவர்கள் சென்றபின் துணைக்கு இருப்பவர், “தலைசுற்றலைப் பற்றிச் சொல்லவே இல்லையே!” என்று கடிந்துகொள்கிறார். வெள்ளை அங்கிகள் சூழ்ந்து நிற்க, ஒருவர் படுத்தபடி பேசுவதும் பலர்முன் பேசுவதே.

மாணவர்களுக்கு உதவும் வழிகள் உங்களுக்கும் உதவும். கேட்கவேண்டிய மூன்று கேள்விகளைத் தாளில் எழுதித் தலையணையருகே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பார் முறையையே சற்று மாற்றி, ‘இப்போது என்ன தொல்லை, எப்போது தொடங்கியது, நான் எதனை அஞ்சுகிறேன், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன்’ என்று நான்கு வரிகளில் கூறிப்பாருங்கள். வாய் வரவில்லையென்றால் தாளையே நீட்டுங்கள். எழுதிப் பேசுவதில் இழுக்கில்லை. நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போர்முனையிலிருந்து 1856-இல் தாயகம் திரும்பியபின் பொது வரவேற்புகளையும் கூட்டங்களையும் தவிர்த்தவர். படைவீரர்களின் உடல்நலம் பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்துக்கு அவர் தம் சான்றை எழுத்திலேயே அளித்தார். படை மருத்துவமனைகளைச் சீர்திருத்துவதில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு.

உங்கள் இல்லத்திலும் செவிலியமோ வேறு படிப்போ பயிலும் பிள்ளை இருக்கலாம். வகுப்பில் பேசவேண்டிய நாளில் மட்டும் வயிற்றுவலி வருகிறது, விடுப்பு எடுக்கிறார், உணவும் உறக்கமும் குறைகின்றன என்றால், ‘இதற்குப் போய் அஞ்சுவதா?’ என்று ஏளனம் செய்யாதீர்கள். அச்சம் அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கு மிகும்போது அது சிகிச்சைக்குரிய நிலை. பேச்சுவழிச் சிகிச்சையால் பலர் நலம் பெறுகின்றனர். நம் மருத்துவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். நடுவண் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நண்பர்கள் தரும் படபடப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவற்றுள் சில பெருந்தீங்கு விளைவிக்கும்.

அடுத்த முறை ஒரு மாணவரோ மாணவியோ அட்டையுடன் உங்கள் எதிரே வந்து நின்றால், உரை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியேனும் கேளுங்கள். எளிய கேள்வியாக இருக்கட்டும். அவர் அட்டையைத் தாழ்த்தி, மனப்பாடத்தை விட்டுவிட்டு, உங்களைப் பார்த்து விடைகூறத் தொடங்குவார். அந்த விடை உங்கள் காலையோ கண்ணையோ காக்கலாம். அதைக் கூறிப் பழகிய குரல் என்றேனும் ஓரிரவில் வேறொருவரின் உயிரைக் காக்கலாம்.